அசுரனுக்கு வரம் கிடையாதாமே!

இந்த வாரம் மண்ணெண்ணெய் கியூவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மன்னித்துவிடுங்கள். மண்ணெண்ணெய் இல்லாமலே எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

காரணம்? ஒரு விளையாட்டு.

சிரிக்காதீர்கள். வளர்ந்த மனுஷர்கள், பிள்ளை குட்டி பெற்றவர்கள், கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து தேவர் - அசுரர் விளையாடுகிறார்கள். அதில் நடந்த அநியாயத்தைப் பார்த்துவிட்டுத்தான் இப்படிக் கொதித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபாக்டரியில் டைப்பிஸ்ட் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறினால் படப்பை, ஒரகடம், வல்லக்கோட்டை என்று குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர வேண்டும். முன்பெல்லாம் ஆண்கள் சீட்டு ஆடுவார்கள். மேனேஜ்மென்ட் அதற்குத் தடை போட்டது. சீட்டுக் கட்டைத்தானே பிடுங்க முடியும்? வாயைப் பிடுங்க முடியுமா? அப்படிப் பிறந்ததுதான் இந்த ஆட்டம். இதற்குப் பெயர் 'வரம்'.

பஸ்ஸில் பாதிப் பேர் தேவர் கட்சி, பாதிப் பேர் அசுரர் கட்சி. ஆளுக்கு ஒரு பெயர், ஓர் ஆயுதம், ஒரு வாகனம். காயை நகர்த்துவது கீகர்த்துவது எல்லாம் கிடையாது. அந்த ஆளாகவே மாறிப் பேச வேண்டும். காலை நேரத்தில், மடியில் டிபன் கேரியரை வைத்துக்கொண்டு, "மேகத்தக் கீச்சிகினு வரேன்டா... ஓடாம நில்லு!" என்று லேத்துக்காரர் ஒருவர் கர்ஜிப்பார். எதிர் சீட்டிலிருந்து, "நின்னுகினுதான் கீறேன், வா!" என்று பதில் வரும். சண்டை மூண்டால் ஒரு பக்கம் தேய்த்து வெளுக்க வைத்த புளியங்கொட்டைகளை டிபன் மூடியில் உருட்டி யார் ஜெயித்தது என்று பார்ப்பார்கள்.

தீர்ப்புச் சொல்கிறவர் பொன்னுசாமி. டைம் ஆபீஸில் வேலை. ஆட்டத்தில் அவருக்கு 'மேலிடம்' என்று பெயர். மேலிடம் சொல்லிவிட்டால் சொன்னதுதான். விதிகள் எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் வாய்வழக்கு. அதனால் விளையாடுகிற நேரத்தைவிட விதியைப் பற்றிச் சண்டை போடுகிற நேரம்தான் ஜாஸ்தி.

நடுவில் வெல்டர் ஆரோக்கியசாமி வந்து சேர்ந்தார். "எங்க ஆளுங்கோ இல்லாம இன்னாய்யா ஆட்டம்?" என்று கேட்டு, சம்மனசுகளை, அதாவது றெக்கை வைத்த தேவதூதர்களை, தேவர் கட்சியிலும் பிசாசுகளை அசுரர் கட்சியிலும் சேர்க்க வைத்தார். தான் மட்டும் பிசாசாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு ஆரம்பித்தது வினை. சம்மனசுக்குத்தான் றெக்கை இருக்கிறதே, அதற்கு வாகனம் எதற்கு? மழை பெய்தால் றெக்கை நனையுமா? சம்மனசு அமுதம் குடிக்கலாமா, கூடாதா? கேன்டீன் சாம்பார் ஊசிப்போன அன்றுகூட இவ்வளவு பேர் இவ்வளவு ஆவேசமாகப் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில், றெக்கை உள்ளவனுக்கு வாகனம் கிடையாது என்று மேலிடம் தீர்ப்புச் சொன்னது. ஒரு சம்மனசு கோபித்துக்கொண்டு சர்வீஸ் பஸ்ஸில் போக ஆரம்பித்தார்!

இதெல்லாம் வேடிக்கை. நானும் ஜன்னலோரம் உட்கார்ந்து ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். என் கோபம் எல்லாம் தவம் பற்றிய விதியில்தான்.

வரம் வேண்டுமென்றால் தவம் செய்ய வேண்டும். வாயால் 'தவம் செய்கிறேன்' என்று சொன்னால் போதாது. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரைக்கும் ஏதாவது ஒன்றை நிஜமாகவே விட வேண்டும். பஸ் முழுக்க சாட்சி. எதிர்க் கட்சிக்காரர்கள் என்னென்னவோ ஆசை காட்டிக் கெடுக்கப் பார்க்கலாம். அதற்கும் மசியாமல் முடித்தால் ஒரு வரம். அந்த வரம் பஸ்ஸில் இருப்பவர்களால் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கொடுத்த வரத்தைத் திருப்பி வாங்க முடியாது. இவ்வளவுதான் விதி.

ஸ்டோர்ஸ்காரர் ஒருவர் சர்க்கரையை விட்டார். யாரோ கல்யாண வீட்டு லட்டைக் கண் முன்னால் நீட்டியதும் போயிற்று தவம். ஃபோர்மேன் விநாயகம் வெற்றிலை பாக்கை விட்டார். முடித்தும் காட்டினார். நெற்றி நிறைய விபூதியோடு வருகிற முருக பக்தர். அவர் கேட்ட வரம், கிருத்திகை அன்று மாலை வல்லக்கோட்டையில் பஸ்ஸை நிறுத்த வேண்டும் என்பது. கொடுத்தார்கள். இன்றைக்கும் கிருத்திகை தவறாமல் அங்கே பஸ் நிற்கிறது. அவர் இறங்கிக் கும்பிடுகிறார். நாங்கள் காத்திருக்கிறோம். பிரசாதம்கூடத் தருகிறார். நல்ல மனுஷர்தான், தேவர் கட்சித் தலைவராக இல்லாத நேரங்களில்.

இப்போது செல்விக்கு வருகிறேன்.

செல்வி அசெம்பிளி லைனில் வேலை செய்கிற பெண். ஊர், ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவே ஒரு கூட்ரோட்டிலிருந்து உள்ளே. ஆட்டத்தில் அவள் அசுரர் கட்சி. அவளுடைய அசுரனுக்குப் பெயர் கருவேலன். பஸ் அவள் ஊர்க் கூட்ரோட்டைத் தாண்டித்தான் போகும். ஆனால் நிற்காது. படப்பையில் இறங்கி, ஏரிக்கரையோரமாகத் திரும்ப நடக்க வேண்டும். மழைக் காலத்தில் ஓ.டி. முடிந்து போனால் இருட்டிவிடும். அந்த ரோட்டில் விளக்கு இல்லை. லாரி மட்டும் உண்டு.

ஒரு நாள் கேன்டீன் குழாயடியில் கை கழுவும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "எங்கப்பா நின்னுடச் சொல்ட்டாருக்கா. பஸ்ஸு கூட்ரோடாண்ட நின்னா வேலைக்குப் போ, இல்லன்னா அடுத்த மாசத்தோட வூட்ல குந்துன்ட்டாரு. யாராண்டயும் சொல்லாத."

அந்தப் பெண் தவம் தொடங்கினாள். எதை விட்டாள் தெரியுமா? உட்காருவதை!

அமாவாசை முதல் அமாவாசை வரை பஸ்ஸில் உட்காரவே இல்லை. பக்கத்தில் சீட் காலியாகக் கிடக்கும். நாள் முழுக்க லைனில் நின்று வேலை செய்த கால் அது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவாள். கண் சொருகும். தலை கம்பியில் இடிக்கும். தேவர் கட்சிக்காரர்கள் சும்மா இருந்தார்களா? விநாயகமே எழுந்து, ஜன்னலோர சீட்டில் தன் துண்டை விரித்து, "குந்தும்மா கண்ணு... யாரும் பாக்கல" என்று இளித்தார். அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். எனக்கு அவரைக் கிள்ளிவிட வேண்டும் போலிருந்தது.

போன வாரம் அந்த அமாவாசை முடிந்தது. மறுநாள் மாலை ஃபாக்டரி வாசலிலிருந்து பஸ் கிளம்பியதும், செல்வி முன்னால் போய் நின்று, "கருவேலன் தவம் முட்ச்சிட்டான். வரம் கேக்கறான். பஸ்ஸு எங்க கூட்ரோட்ல தினிக்கும் நிக்கணும்" என்றாள்.

டிரைவர் மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மேலிடம் சொன்னா நிறுத்தறேன். எனுக்கின்னா?" என்றார்.

முடிந்ததல்லவா? முடிந்திருக்க வேண்டும். விநாயகம் எழுந்தார்.

"அதெப்டி? அசுரனுக்கு வரம் குடுத்தா அப்பால இன்னா ஆவும்னு தெரியாதா? எந்தக் கதையிலயாவது நல்லதா முட்ஞ்சிக்கீதா? தோ, நம்ம ஆரோக்கியசாமி வேதத்துல இன்னா சொல்லுது? பிசாசுன்னா கவுந்த சம்மனசு. கவுந்தது கவுந்ததுதான். அதுக்கு வரம் கெடையாது, மன்னிப்பு கெடையாது. அதான் கரெக்ட் ரூலு!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிருத்திகை தவறாத ஆளுக்குத் திடீரென்று வேதாகமத்தின் மேல் எங்கிருந்து வந்தது இவ்வளவு பக்தி?

ஆரோக்கியசாமி விடவில்லை. "எங்க கதையில பிசாசுக்கு வரம் கெடையாதுதான். ஆனா எங்க கதையில தவமும் கெடையாதே! தவம்ன்றது உங்க கதை. அதுல தவம் பண்றதே அசுரன்தான்யா. ஒத்தக் கால்ல நின்னா சாமியே எறங்கி வந்து இன்னா வேணும்னு கேட்டுக்கீது. கஷ்டத்துக்கு உங்க கதை, கூலிக்கு எங்க கதையா?"

அசுரர் கட்சி ஆர்ப்பரித்தது. தேவர் கட்சி, "கூட்ரோடுக்குக் கூட்ரோடு நின்னா எப்ப வூடு போய்ச் சேர்றது?" என்றது. பொன்னுசாமி தாடையைத் தடவினார். ஃபோர்மேனைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். மறுபடி ஃபோர்மேனைப் பார்த்தார்.

"ஃபோர்மேன் சொல்றதுலயும் நாயம் கீது..." என்று இழுத்தார். "அசுரனுக்கு வரம் கெடையாதுன்னு... மேலிடம் முடிவு பண்ணுது."

நான் ஆட்டத்திலேயே இல்லாதவள். இருந்தாலும் எழுந்துவிட்டேன். "என்ன சார் இது? அவளைச் சேர்க்கும்போது இந்த விதி எங்கே போயிருந்தது? ஒரு மாதம் அவள் நின்றபோது எங்கே போயிருந்தது? ஃபோர்மேனுக்காகக் கிருத்திகைக்கு நிற்கிற பஸ், ஒரு பெண் வீடு போய்ச் சேர நிற்காதா? நிற்காவிட்டால் அவள் வேலையே போய்விடும், தெரியுமா?" என்று அவள் அப்பா சொன்னது முழுவதையும் கொட்டிவிட்டேன்.

விநாயகத்தின் முகம் மாறியது. "அய்யய்யோ... பாவம். மொதல்லயே சொல்றதுதானே புள்ள? மணி, இன்னிலேர்ந்து கூட்ரோட்ல நிறுத்துப்பா. ஆட்டத்துல சேக்காத. சலுகையா நிறுத்து."

எல்லோருக்கும் பரம சந்தோஷம். "அப்படிப் போடு" என்றார்கள். பொன்னுசாமி பெருமூச்சு விட்டார். நான்கூட வெற்றி பெற்றவள் மாதிரி உட்கார்ந்தேன். செல்வி மட்டும் என்னை முறைத்தாள். "ஏங்கா சொன்ன? நான் இன்னா பிச்சையா கேட்டேன்?"

கூட்ரோடு வந்தது. பஸ் நின்றது. அவள் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றிருந்தார். படப்பைக்குப் போய் மகளை அழைத்துவரக் கிளம்பியவர் போல. பஸ் அங்கே நிற்பதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. செல்வி படிக்கட்டு வரைக்கும் போனாள். கடைசிப் படியில் நின்றாள். இறங்கவில்லை.

"வரம்னு சொல்லுங்க. எறங்கறேன்."

"அதான் நின்னுட்டுதே! எப்டி நின்னா இன்னா?" என்றார் விநாயகம்.

"பாவம்னு நிறுத்துனா, நாளிக்கி நான் பாவமாத் தெரியலன்னா நிறுத்தமாட்டீங்க. வரம்னா திருப்பி வாங்க முடியாது. நின்னு சம்பாரிச்சிக்கீறேன்ணே. வரம்னு சொல்லுங்க."

பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். இன்னொரு லாரி சேர்ந்துகொண்டது. "எறங்கும்மா, பஸ்ஸு பொறப்படப் போவுது" என்று அப்பா பதறினார். "இருப்பா" என்றாள். அவ்வளவுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்பதற்கு அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

எனக்குச் சட்டென்று உறைத்தது. இந்த நாட்டில் நமக்குச் சேர வேண்டியது எத்தனை, சலுகை என்கிற பெயரில் வந்து சேர்கிறது! உழைத்து வாங்கிய லீவைக் கேட்டால், 'சரி, போயிட்டு வாம்மா' என்று மேனேஜர் தர்மம் செய்கிறார். நாமும் பல்லைக் காட்டிக்கொண்டு தேங்க்ஸ் சொல்கிறோம். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. நான் வாதாடியதும் பாவம் பார்க்கச் சொல்லித்தானே! அவள் கேட்டது கணக்குப்படி சேர வேண்டியதை அல்லவா?

மணி இன்ஜினை அணைத்துவிட்டார். "மேலிடம் எதனா சொல்லு. எனுக்கும் வூடு வாசல் கீது."

அசுரர் கட்சி முழுக்க எழுந்து நின்றது. ஒருத்தர் உட்காரவில்லை. அப்புறம் ஒரு சம்மனசு எழுந்தது. பின் சீட்டிலிருந்து ஒரு தேவர். கடைசியில் விநாயகத்தையும் பொன்னுசாமியையும் தவிர பஸ்ஸே எழுந்து நின்றது. பொன்னுசாமி இந்தத் தடவை ஃபோர்மேனைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"கருவேலனுக்கு... வரம் தந்தோம்."

செல்வி இறங்கினாள். அப்பாவின் சைக்கிள் கேரியரில், அந்த மாதம் முழுக்க எங்கள் பஸ்ஸில் உட்காராத பெண், ஜம்மென்று ஏறி உட்கார்ந்தாள்.

பஸ் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் விநாயகம் என் சீட்டுப் பக்கம் குனிந்து, "மேடம், இதெல்லாம் பத்திரிகையில எழுதிடாதீங்க. தேவர் கட்சி தோத்தது ஊருக்கே தெரிஞ்சிடும்" என்றார்.

தெரியட்டும் சார்!