சத்தம் போடாத எஞ்சின்

அவிநாசிக்குப் பக்கத்தில், வீட்டை ஒட்டியே பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் கம்பெனி. மனைவிக்குப் பெங்களூருவில் வேலை. பயணிகள் விமானங்களுக்கு இனி வரப்போகும் எஞ்சின்களைச் சோதிப்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விமானத்தில் கோவைக்கு வருவாள். அது எங்கள் வீட்டுக்கு மேலேதான் தாழ்ந்து போகும்.

எங்கள் பக்கம் யார் வந்தாலும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்த பிறகுதான் மறுபேச்சு. விமானச் சத்தம் கேட்டதுமே என் மகள் தண்ணீர் மொண்டு வாசற்படியில் வைத்துவிடுவாள். கார் வந்து சேர நேரமாகும் என்றால் கேட்கமாட்டாள். சத்தம் வந்துவிட்டால் அவளுக்கு அம்மாவே வந்த மாதிரி.

புது எஞ்சினுக்கு வெளிக்கூடே கிடையாதாம். கார்பன் நூலில் நெய்த பெரிய விசிறி இறக்கைகள் திறந்தவெளியில் சுற்றுமாம். எரிபொருள் செலவு குறையும். சத்தத்தையும் அடக்க வேண்டும்; அதுதான் மனைவியின் பொறுப்பு. "உனக்கும் நூல்லதான் பொழப்பா அம்மிணி?" என்று சீண்டினேன். மகள் சிரிக்கவில்லை.

"அப்பறம் நீங்க வர்றது எனக்கு எப்படிங்கம்மா தெரியும்?" என்றாள்.



ஒரு வெள்ளிக்கிழமை, புது எஞ்சினை முதன்முதலாக முழு வேகத்தில் ஓட்டுவதால் வர முடியாது என்று மனைவி சொல்லிவிட்டாள். மகளிடமும் சொன்னேன். சாயங்காலம் கரண்ட் போய் மிஷின்கள் நின்றன. பழகிய இரைச்சல் நின்றால் எங்களுக்குக் காது அடைத்துப்போகும். வெளியே வந்தேன். வானத்தில் ஒன்றுமில்லை. மகள் படியில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் சொம்பு.

"அம்மா வந்துட்டாங்க," என்றாள்.

சொம்புத் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்ந்தது. படியில் கை வைத்துப் பார்த்தேன், கல்லில் ஒரு அசைவும் இல்லை. பேய்க்கதை சொல்பவர்களைக் கேலி செய்கிற ஆள்தான் நான். அன்றைக்கு அவசரமாகப் போனை எடுத்தேன். மனைவிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டேன். தண்ணீர் அடங்கிய பிறகுதான் எடுத்தாள். இப்போதுதான் எஞ்சினை நிறுத்தினார்களாம். நினைத்ததைவிட அமைதியாக ஓடியது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். சொம்பைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் விமானம் எப்போதும்போல இரைச்சலாகத்தான் போனது. மகள் தலை நிமிரவில்லை. படியில் தண்ணீரும் இல்லை. மனைவி பையோடு வாசலில் நின்று, தண்ணீர் எங்கே கண்ணு என்று கேட்டாள்.

"அம்மா அன்னைக்கே வந்து தண்ணி குடிச்சுட்டாங்க," என்றாள் மகள். பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க ஆருங்க?"

மனைவி சிரித்தாள். விளையாட்டாக இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டே, நானே உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு வந்தேன்.