ஓடை வரைக்கும் பிரின்சி அக்காவின் வானம்

துளசிராமனின் நிலத்துக்கு மேற்கே ஓர் ஓடை ஓடுகிறது. ஓடுகிறது என்பது மழைக்காலத்துப் பேச்சு. மற்ற மாதங்களில் அது வேலிக்காத்தான் மண்டிய வெறும் பள்ளம். அந்தப் பள்ளத்தோடு எங்கள் வானம் முடிந்துவிடும். அதற்கு அப்பால் இருப்பது ராணுவ விமானதளத்தின் வானம். போனில் வரைபடத்தைத் திறந்தால் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு.

அந்த நிலத்தில் ட்ரோன் ஓட்டப் பழக வந்த எங்களுக்குப் பரசுராமன் சார் நடத்திய முதல் பாடமே அதுதான். "ஓடைக்கு அந்தாண்ட ஒரு அடி போனாலும் டெஸ்ட்ல ஃபெயிலு. நெஜமா ஓட்டும்போது போச்சுன்னா போலீசு ஊட்டுக்கே வரும்."

பிரின்சி அக்கா வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வருவாள். காக்களூரில் ஒரு பிரஸ் கம்பெனியில் வேலை. தகரத்தை அச்சில் வைத்தால் மெஷின் இறங்கி அழுத்தும், வண்டிக் கதவின் கீல் வந்து விழும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அதே மெஷின். அந்த இரைச்சலில் பேசிப் பழகியதால் ரகசியத்தைக்கூட உரக்கத்தான் சொல்வாள்.

அவளுடைய மகளிர் குழுவுக்கு வயலில் மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்றை ஒதுக்கியிருந்தார்கள். குழுவில் ஒருத்தி டெஸ்டில் பாஸானால்தான் அது வரும். இல்லையென்றால் அடுத்த ஊர்க் குழுவுக்குப் போய்விடும். இன்னும் கண்ணிலேயே படாத அந்த ட்ரோனுக்குப் பெண்கள் செல்வி என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். "செல்வி எப்பக்கா வருவா?" என்று தினம் ஒருத்தியாவது போன் செய்வாள். "வருவாடி, அவளுக்கு இன்னா அவசரம்" என்று அக்கா கத்துவது நிலம் முழுக்கக் கேட்கும்.

எங்கள் எல்லோரையும்விட அக்காவுக்குக் கை நன்றாக வந்தது. கோடு போட்டது போல ஓட்டுவாள். ஒரே ஒரு சிக்கல்தான். ஓடையை நெருங்கினால் ரிமோட் எச்சரிக்கையாகக் கீச்சிடும். கீச்சிட்டதும் அக்காவின் இரண்டு கைகளும் ரிமோட்டை விட்டுத் தலைக்கு மேலே போய்விடும்.

பிரஸ் கூடத்தில் அலாரம் அடித்தால் எல்லோரும் இரண்டு கையையும் தூக்க வேண்டும். பக்கத்து மெஷின் மேரி ஒருமுறை தாமதித்தாள். இப்போது அவள் பேக்கிங்கில் இருக்கிறாள், இடது கையில் மூன்று விரல்களோடு.

சாதாரணமாக ஓட்டும்போது ரிமோட்டை விட்டால் ட்ரோன் இருந்த இடத்திலேயே நின்றுகொள்ளும். டெஸ்டில் அந்த வசதியை அணைத்துவிடுவார்கள். விட்டால் காற்று இழுத்துக்கொண்டு போகும். மத்தியானக் காற்று கடலிலிருந்து மேற்கே, நேராக ஓடைக்குத்தான் வீசும்.

"யம்மா, கைய எதுக்குத் தூக்குற?" என்றார் பரசுராமன் சார்.

"நான் எங்க சார் தூக்குறேன்? அதுவா போவுது."

வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த துளசிராமன் சும்மா இருக்கவில்லை. "இன்னாம்மா, திருடன் துப்பாக்கி காட்னா மாதிரி நிக்கிற?"

"உன் நெலத்துல திருட இன்னா கீது நைனா? கோரப்புல்லா?"

ஒருநாள் எங்களோடு பழகிய அருணா பின்னால் நின்று அக்காவின் முழங்கைகளை இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். கீச் என்றது. முழங்கை ஒன்று அருணாவின் தாடையில் போய் இடித்தது. அதற்குப் பிறகு யாரும் பிடிக்க முன்வரவில்லை.

"மறந்துடும்மா அத. இது பிரஸ்ஸு இல்ல" என்றார் சார், மத்தியானம் சாப்பிடும்போது.

அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "மறக்கக் கூடாது சார். லீவு முடிஞ்சா மறுபடி அங்கதான் போய் நிக்கணும்." அன்று முதல்முறையாக அவள் மெதுவாகப் பேசியதைக் கேட்டோம். சார் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வாரைக் கழற்றினாள். "இதுல தொங்குறதாலதான் கை அத உட்டுட்டுப் போவுது. கையிலயே புடிச்சிக்கினு இருந்தா அதுவும் கூடவே மேல வரும்ல சார்?"

"கனம்மா. கை உட்டுப்போவும்."

"கீலு பொட்டி தூக்குற கை சார் இது."

அன்று முழுக்க, டெஸ்டில் போலவே அந்த நிற்கும் வசதியை அணைத்துவிட்டுப் பழகினாள். கைகள் மேலே போயின, ரிமோட்டும் கூடவே போனது. ஆனால் ஒருமுறை கட்டைவிரல் நழுவி, ட்ரோன் ஓடையைத் தாண்டப் பார்த்தது. சார் ஓடிவந்து வாங்கித் திருப்பினார்.

டெஸ்ட் நாளன்று சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அக்காவின் முறை மத்தியானத்தில் வந்தது. காற்று எழுந்துவிட்டிருந்தது. ட்ரோன் போய்த் திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு வீச்சு வந்து அதை மேற்கே தள்ளியது. கீச் என்றது.

அக்காவின் கைகள் எழுந்தன. தலைக்கு மேலே ரிமோட். திரை அவள் கண்ணுக்குத் தெரியாது. ட்ரோனை மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு கட்டைவிரல்களாலும் இழுத்தாள். முள்மரங்களுக்கு மேலே அது நடுங்கியது. கொஞ்ச நேரம் போகவும் இல்லை, வரவும் இல்லை. பிறகு வந்தது. கையை இறக்காமலேயே அதைக் கொண்டுவந்து சுண்ணாம்பு வட்டத்துக்குள் உட்காரவைத்தாள்.

அதிகாரி பரசுராமன் சார் பக்கம் திரும்பினார். "இது யாரு சொல்லிக் குடுத்த மெத்தட்?"



"ஓடைய தாண்டலியே சார்" என்றார் துளசிராமன், யாரும் கேட்காமலே.

அதிகாரி ஓடையைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார். "தாண்டலதான்" என்றார். "பாஸ். கைய எறக்குமா."

"ஃபேன் இன்னும் சுத்துது சார்" என்றாள் பிரின்சி அக்கா.

மெஷின் முழுசாக நிற்கும்வரை பிரஸ் கூடத்தில் யாரும் கையை இறக்குவதில்லை. அதிகாரியும் காத்திருந்தார்.