உப்புப் போட்ட பற்கள்

பல்கலைக்கழகம் பல் மருத்துவத்தைப் பட்டப்படிப்பாக ஏற்று அதிக நாளாகாத காலத்தில், பள்ளிக்கூட வாத்தியார் மகளான நான் அதைப் படிக்கப் பம்பாய்க்குப் போனேன். தூத்துக்குடியில் யாரும் அதை ஒரு படிப்பாகவே மதிக்கவில்லை. "பல்லு பிடுங்க எதுக்குளா பம்பாய்? ஒரு கொறடு போதாதா?" என்று மாமாவே கேலி செய்தார்.

ஆனால் கல்லூரியில் முதலில் பிடுங்கச் சொல்லித் தரவில்லை. பிடுங்கிய பற்களை மாணவர்களே கொண்டுவர வேண்டும். அவற்றைப் பிளாஸ்டரில் பதித்து, காலால் மிதிக்கும் இயந்திரத்தால் சொத்தையைக் குடைந்து, அடைத்துப் பழக வேண்டும். வேர் முறியாத பல் இருபது இல்லையென்றால் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது.

தீபாவளி விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். நல்ல நேரம்தான். கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் குளிப்பு தொடங்கும் முன், அந்தத் தொழில் செய்யும் திரேஸ்புரத்துக்காரர்கள் சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள். ஆழத்தில் தண்ணீர் அழுத்தும்போது அந்த வலி ஆளையே மேலே துரத்திவிடும். ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்படிப் பிடுங்கியதையெல்லாம் கம்பவுண்டர் அண்ணாச்சி தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் எனக்காகச் சேர்த்துக் கொடுத்தார். இருபத்தொன்று இருந்தன.

பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டுச் சாயர்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். நான் திரும்புவதற்குள் அம்மா, தண்ணீரில் கிடந்தால் நாறிப்போகுமே என்று, பற்களுக்கு உப்புப் போட்டு ஓலைப்பாயில் மூன்று நாள் வெயிலில் காயவைத்துவிட்டாள். கருவாடு போட்டே பழகிய கை. காய்ந்த பல் வெடித்துவிடும் என்று நானும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நகத்தால் அழுத்தியதும் ஒன்று இரண்டாகப் பிளந்தது; மற்றவற்றிலும் விரிசல் ஓடியிருந்தது. தேர்வு போச்சே என்று அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை அம்மா திரேஸ்புரத்துக் கரையில் போய் நின்று, தான் செய்த கூத்தைத் தானே எல்லோரிடமும் சொன்னாள். கரையே சிரித்ததாம். சிரித்தவர்களில் பலர், குறட்டுக்குப் பயந்து நாளைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள். ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நான் ரயிலேறுவதற்கு முந்தின நாள் காலைக்குள் பத்தொன்பது சேர்ந்துவிட்டன. அந்த வீங்கிய கன்னங்களுக்கெல்லாம் நான் எப்படி நன்றி சொல்லி முடிப்பேன்?

இருபதாவதாக, கடைசியாக வந்தவர் நடுவயதுக்காரர். இருபது வருஷமாகச் சங்கு குளிப்பவர். அவரை மனைவிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். டாக்டர் பல்லை எடுத்ததும் ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இத வச்சு என்னளா செய்வ?"

"கொடஞ்சு அடைச்சுப் பழகுவேன். அப்புறம் பிடுங்காமலே சொத்தையைச் சரிபண்ணலாம்."

"பிடுங்காமலா?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு வாயை அகலத் திறந்து இன்னொரு கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினார். அதில் சிறியதாக ஒரு ஓட்டை.

"அப்ப இத ஒனக்குன்னு வச்சிருக்கேன். படிச்சிட்டு வா."

பட்டம் வாங்கி நான் ஊர் திரும்ப மூன்று வருஷமாயிற்று. அதற்குள் அந்த ஓட்டை பெரிதாகியிருந்தது. ஆழத்தில் வலித்தபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்தாரே தவிர, யாரையும் அதைப் பிடுங்க விடவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். ஊரில் நான் அடைத்த முதல் பல் அதுதான்.