வியப்புக்கு ஒரு ஹாரன்

அமீரகத்தின் புஜைராவில் ஒரு சாலையோர டீக்கடை. இங்கே யாரும் காரைவிட்டு இறங்குவதில்லை; ஹாரன் அடித்தால் டீ வரும். நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து டிவி பார்க்கிறேன். ஜப்பான் நகைச்சுவைப் போட்டி. ஒருவர் வினோதமான தகவல் சொல்ல, வியந்தவர்கள் கார் ஹாரன் போல ஒலிக்கும் பொத்தானை அழுத்துகிறார்கள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயமாம். 'பாம்' என்கிறது டிவி. சொன்ன ஜப்பான்காரர் குனிந்து நன்றி சொல்கிறார். கடைக்காரர் தூத்துக்குடி அந்தோணி தட்டோடு வாசலுக்கு ஓடுகிறார். வெளியே என் காரைத் தவிர எதுவும் இல்லை.

மூன்றாம் முறையும் ஏமாந்து திரும்பியவர் சிரிக்கிறார்.

"நானும் ஒண்ணு சொல்லுதேன் அண்ணாச்சி. பதினாறு வருசமா டீ போடுதேன். ஒரு வாய் குடிச்சது கிடையாது."

"நெசமாவா?"

"மாதா மேல சத்தியம்!"

எழுந்துபோய் என் கார் ஹாரனை விடாமல் அழுத்துகிறேன். பழக்கதோஷத்தில் தட்டோடு ஓடிவருகிறார். பாதி வழியில் புரிந்துவிடுகிறது. தட்டை நெஞ்சோடு அணைத்து, அந்த ஜப்பான்காரர் போலவே இடுப்பு வளையக் குனிகிறார்.