அம்மா நடந்த மாடி

பன்வில பக்கத்தில் மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையைக் கந்தோராக, ஒரு கம்பெனியின் அலுவலகமாக மாற்றுகிறார்கள். அங்கேதான் எனக்குத் தச்சு வேலை. நேற்றுக் காலை மேல்மாடிப் பலகைத் தரையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவியதும் கொழுந்து வாசம் குப்பென்று எழும்பியது.

அந்த மாடியில்தான் அம்மா கொழுந்து வாட்டினார். தோட்டப் பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்குச் சோறு கொண்டு ஓடுவேன். பீலியில் கொட்டும் தண்ணீரில் கால் கழுவி, சாக்கில் துடைத்துப் படியேறினால், கீழே இயந்திரங்கள் உருளும் சத்தம் பலகை வழியாக வந்து உள்ளங்காலில் குறுகுறுக்கும், பெண்கள் வெறுங்காலோடு, கொழுந்து பரப்பிய தட்டுக்குத் தட்டு நடந்து கொழுந்தை உதறிக்கொண்டே இருப்பார்கள், யார் காலிலும் ஒரு சிராய்கூட ஏறாது.

"பின்னேரம் இதுக்கு மேல கார்பெட் ஒட்ட வாராங்க" என்றார், வேலையை நடத்தும் கெலிஓயா ஊர் நானா.

மூன்று மாதமாக அவருக்குத் தலையை மட்டுமே ஆட்டிவந்த நான் கத்தியேவிட்டேன்.

"வேணாம் நானா, மூடாதீங்க! எங்கம்மாவும் மத்த பொம்பளைங்களும் வெறுங்காலால நடந்து நடந்து வழவழன்னு ஆக்குன பலகை. தடவிப் பாருங்க!"

"அல்லாவே, இவனுக்கும் வாய் ஈக்கே!"

சிரித்துக்கொண்டே குனிந்து தடவினார். தடவியவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கந்தோர்க்காரர்களுக்கு டெலிபோன் எடுத்தார்.

"சரி, கார்பெட் வேணாமாம். ஆனா முழு மாடியையும் நீதான் மெழுகு போட்டு மினுக்கோணும்."

மாடி இரண்டு ரயில் பெட்டி நீளம். அப்போதே முழங்காலிட்டுவிட்டேன். பொழுது சாயும்வரை தேய்த்துக்கொண்டே, எந்த இடத்தில் எந்தப் பெண் நின்றார் என்று, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.