நாற்பது தப்படி தள்ளி

வானத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று தொட்டிக்காரர் அடிக்கடி சொல்வார். வானத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களுக்குத் தான் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது என்பதையும் அதே மூச்சில் சொல்வார்.

கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி. அதில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாக முந்நூற்றுச் சொச்சம் தண்ணீர்த் தொட்டிகள். வேறு ஏதோ நட்சத்திரக் கூட்டத்தில் எதுவோ உதைத்துத் தள்ளிய ஒரு துகள், அணுவைவிடச் சிறியது, ஓங்கி அடித்த பந்தின் ஆற்றல் அத்தனையையும் சுமந்துகொண்டு கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து வந்து காற்றில் மோதிச் சிதறும். அந்தச் சிதறல் மழைபோலப் பெய்து தொட்டிக்குள் நுழையும்போது, உள்ளே இருட்டில் தண்ணீர் ஒரு கணம் மின்னும். எந்தத் தொட்டி முந்தி, எது பிந்தி என்று பார்த்தால் துகள் வந்த திசை தெரியும். அது விஞ்ஞானிகள் பாடு. பேட்டரி மாற்றுவதும், சூரியத் தகட்டில் பறவை எச்சத்தைத் துடைப்பதும், முதுகு சொறிய வந்த மாடு அறுத்துவிட்டுப் போன கேபிளை ஒட்டுவதும் தொட்டிக்காரர் பாடு.

இப்படி இருபத்திரண்டு ஆண்டுகள். ஓய்வுக்கு மூன்று மாதம் இருந்தது. அதற்கப்புறமும் இரண்டு ஆண்டு இவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிலையத் தலைவி மேலிடத்துக்கு எழுதியிருந்தார். அதில் இவரைவிட இவர் மனைவிக்கு நிம்மதி. காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போகாத மனிதரை வீட்டில் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அப்படி ஒரு துகள் வந்து விழுந்தது. நிலையம் தொடங்கிய நாள் முதல் பதிவானவற்றிலேயே ஆற்றலில் பெரியது. அரை நாள் எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். பிற்பகலில் தலைவியின் முகம் தொங்கிப்போனது. மிக அதிகமாக மின்னியது ‘ரெண்டுங்கெட்டான்’ என்று பேர் வாங்கிய தொட்டி. அது மின்னும் நேரம் எப்போதும் மற்றவற்றிலிருந்து மயிரிழை பிசகும். கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். அதை ஒதுக்கினால் இந்தத் துகளையும் ஒதுக்க வேண்டும்.

“இவ்ளோ பெரிசு ரொம்ப தூரத்துல இருந்து வரவே முடியாது. வழியிலயே இளைச்சுப் போயிடும். வளைஞ்சு நெளிஞ்சும் வந்திருக்காது,” என்றார் தலைவி. “எங்க பொறந்ததுன்னு கண்டுபிடிக்கலாம்னு பாத்தா, இந்தச் சனியன் பொய் சொல்லுது.”

தொட்டி பொய் சொல்லவில்லை. சொன்னது தொட்டிக்காரர்.

அந்தத் தொட்டியை அங்கே நிறுவிய அன்று தண்ணீர் லாரி ஓட்டியது அவருடைய மச்சான். பன்னிரண்டாயிரம் லிட்டர். குறித்து வைத்த முளைக்குப் பக்கத்தில் சேறு. சக்கரம் பாதி உள்ளே. “மாப்ள, இத்தாம்பெரிய வானத்துக்கு நாப்பது தப்படி ஒரு கணக்கா?” என்றான் மச்சான். நியாயமாகத்தான் பட்டது. முளையைப் பிடுங்கிக் கெட்டித் தரையில் அடித்தார்கள். படிவத்தில் பழைய இடத்தையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பது தப்படியைக் கடக்க ஒளிக்கும் நேரம் ஆகும், அதையும் அளக்கிற பைத்தியங்கள் உண்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் சொல்ல வேண்டிய காலம் கடந்துவிட்டது.

“எங்க அண்ணன் மேல போட்டுடுங்க,” என்றாள் மனைவி. “செத்தவனை யாரு வேலைய விட்டுத் தூக்கப் போறா?”

“அவன் லாரிதானே ஓட்டுனான். கையெழுத்து என்னுது.”

“அப்ப வாயை மூடிக்கிட்டு மூணு மாசத்தை ஓட்டுங்க. மேல ரெண்டு வருஷம் கெடைக்கும். இல்லைன்னா வீட்ல உக்காந்து என் உசிர வாங்குங்க.”

நாலு நாள் வாயை மூடிப் பார்த்தார். ஐந்தாம் நாள் துகளைப் பட்டியலிலிருந்து அடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தலைவியின் அறைக்குப் போய், உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

தலைவி சுவரில் இருந்த வரைபடத்தில் அந்தத் தொட்டியைத் தேடி விரல் வைத்தார். “அந்தத் தொட்டிய நான் திட்டாத திட்டு இல்ல.”

“தெரியும் மேடம். கூட நின்னு நானும் திட்டியிருக்கேன்.”

இடத்தை அளந்து திருத்தியதும் தொட்டி மற்றவற்றோடு ஒத்துப்போனது. துகள் பட்டியலில் நின்றது. அது வந்த திசையில் கோடு போட்டுப் பார்த்தார்கள். அங்கே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை, வெறும் வானம். விஞ்ஞானிகளுக்கு அதில் ஏமாற்றத்தைவிட மகிழ்ச்சி அதிகம். அது ஏன் என்று தொட்டிக்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டு ஆண்டு நீட்டிப்புக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. அதைச் சொல்லும் தாளைக் கையில் கொடுத்துவிட்டுத் தலைவி கேட்டார்: “இன்னும் எத்தனை தொட்டி இப்படி?”

“சத்தியமா இது ஒண்ணுதான் மேடம்.”

குற்றத்தை ஒப்புக்கொண்டபோது நம்பியவர், இதை நம்பவில்லை. முந்நூற்றுச் சொச்சத்தையும் மறுபடி அளக்க உத்தரவு போட்டார். எந்த வேலிக்கு எங்கே கதவு, எந்தத் தடம் மழையில் இறங்கும் என்று தெரிந்தவர் ஒருவர்தான். ஓய்வு நாள் தாண்டினாலும் வேலை முடியும்வரை அவர் இருந்தாக வேண்டும். அவரைக் கண்காணிக்கப் பக்கத்தில் ஒரு அளவைக்காரர்.

அளந்து முடிக்க ஆன அந்தப் பதினொரு மாதங்களைப் பற்றித்தான் இப்போது அதிகம் பேசுகிறார். விடிந்ததும் ஜீப், ஃபிளாஸ்க்கில் ஆறிப்போன டீ, கொட்டாவி விடும் அளவைக்காரர், தூரத்தில் புள்ளியாகத் தெரிந்து தொட்டியாக வளரும் தொட்டிகள். ஒவ்வொன்றும் காகிதத்தில் எழுதிய இடத்திலேயே இருந்தது. அளவைக்காரருக்குச் சலித்துவிட்டது. தொட்டிக்காரர் மெதுவாகவே ஓட்டினார்.