முத்திரை ஒட்டாத ஏழு கடிதங்கள்

யூஜினியைப் பற்றி அறியவேண்டுமென்றால் அவளுடைய புருசன் நீக்கிலாசைத்தான் கேட்கவேண்டும். பதினாலு வருசம் அவளோடு குடும்பம் நடத்திய மனிசன். 1994 ஆம் ஆண்டு மாரிகாலம் வரைக்கும் பெண்சாதியைத் தனக்கு முழுதாகத் தெரியுமென்று நினைத்துக்கொண்டிருந்தவன். பாவம், அது அவன் பிழையில்லை. அவள் வாய் திறந்து பேசுகிற ஆளில்லை.

மன்னார் பேசாலையில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு படிப்புச் சரி. சண்டைக்குத் தப்பி வந்த குளிர்நாட்டில், பார்க்டேலில் ஒற்றை அறை அப்பார்ட்மென்ட், ஞாயிறு தவறாமல் பூசை, கிழமையில் ஆறு நாள் ஹோம்கெயார் வேலை. நோயாளிகளின் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, துடைத்து, குளிக்க வார்த்துவிட்டு வருவாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஊர்க்கடிதம் வந்தால் உடனே பிரிக்கமாட்டாள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எந்தத் தபாற்கந்தோர், சீலில் என்ன திகதி? சண்டைக்குள்ளால் வருகிற கடிதம் மூன்று மாதமும் எடுக்கும், ஐந்து மாதமும் எடுக்கும். ‘நாங்கள் சுகம்’ என்று எழுதியிருப்பவர்கள் எந்த மாதத்தில் சுகமாயிருந்தார்கள் என்று தெரியவேண்டாமோ? அந்த நாட்களில் அங்கிருந்து வந்த சனம் முக்கால்வாசிப் பேருக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. “உறையைப் பாத்தே உமக்கு வயிறு நிரம்பிவிடும்” என்று நீக்கிலாஸ் பகிடி பண்ணுவான்.

அந்த வருசம் அவளுக்கு ஹார்வி என்றொரு வெள்ளைக்காரனின் வீடு கிடைத்தது. ஒஷாவாவில் பிறந்தவன், வயது நாற்பத்தெட்டு, தனிக்கட்டை. கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டி, அது புற்றுநோய் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். இளவட்டத்தில் எல்லை கடந்து போய் அமெரிக்க ஆமியில் சேர்ந்தவனாம். வியட்நாமில் நாலு மாதம் செம்மஞ்சள் வரி போட்ட பீப்பாய்களைப் பிளேனில் ஏற்றினானாம். உள்ளே இருந்தது காட்டை அழிக்கிற மருந்து. கையிலும் காலிலும் ஒழுகுமாம். மேலேயிருந்து தெளித்தால் ஒரு மாதத்துக்குள் மலை மலையாய் மரங்கள் மொட்டையாகிவிடுமாம்.

“குருவி ஒண்டும் கத்தாதாம்” என்றாள் யூஜினி, சோற்றைப் பிசைந்தபடி. “காடு முழுக்க ஒரு சத்தமும் இல்லையாம். கடவுள் ஆயிரம் வருசமா வளர்த்ததை, மனிசன் ஒரு மாசத்தில…”

நீக்கிலாசுக்குப் பத்திக்கொண்டு வந்தது. “ஆமிக்காரனுக்கு ஊழியம் செய்யத்தானே நாங்கள் ஆமிக்குப் பயந்து இஞ்ச ஓடி வந்தனாங்கள்? உமக்கென்ன விசரோ?”

 அவன் வாயை அடக்கியிருக்கலாம்தான். அவளுடைய தமையன் இக்னேசியசை 1990 இல் கடற்கரையில் வைத்து ஆமி ஏற்றிக்கொண்டு போனது. அதைக் கண்ணால் கண்டவள் அவள். முகாமுக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில்: அப்படி ஒருவர் இங்கே கொண்டுவரப்படவில்லை.

ஹார்விக்கும் அதே கதைதான் நடந்தது. அந்த மருந்து பட்ட படையாட்களுக்கு இந்த நோய் வந்தால், அங்கே இருந்தார்கள் என்று காட்டினாலே போதும், ஊனக் கொடுப்பனவு கொடுக்கவேண்டுமென்று அமெரிக்காவில் சட்டம் வந்திருந்தது. ஆனால் ஹார்வியின் சேவைப் பதிவில் சண்டை நடக்காத ஒக்கினாவாத் தீவின் பெயர்தான் கிடந்தது. நாலு மாதத்துக்கு இரவல் ஆளாய் வியட்நாமுக்கு அனுப்பியதை எந்தப் புண்ணியவானும் எழுதி வைக்கவில்லை. இரண்டு தரம் விண்ணப்பித்தான். இரண்டு தரமும் ‘நீங்கள் அங்கே இருந்ததற்குப் பதிவு இல்லை’ என்று வந்தது. மூன்றாம் தரத்துக்கு உடம்பில் தென்பிருக்குமோ தெரியாது.

“ஆளே முன்னால இருந்து இருமுறான். பேப்பரில இல்லையாம்!” அன்றைக்குத்தான் யூஜினி சத்தம் போட்டதை நீக்கிலாஸ் முதன்முதலாகக் கேட்டான்.

அடுத்த சனிக்கிழமை அவனையும் இழுத்துக்கொண்டு போனாள். ஹார்வியின் தாய் விட்டுப்போன பெட்டிகள் கட்டடத்தின் நிலவறையில் கிடந்தன. அவற்றைத் தூக்க ஆள் வேண்டும். புறுபுறுத்தபடி நாலு பெட்டி தூக்கினான் நீக்கிலாஸ். கடைசிப் பெட்டிக்குள் ஹார்வி தாய்க்கு எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாய் இருந்தன. கட்டிலில் சாய்ந்திருந்த ஹார்வி கையை விரித்தான். “அதிலே பிரயோசனமில்லை. எல்லாவற்றையும் கொப்பி எடுத்து அனுப்பினேன். நான் திகதியே போடுவதில்லை, ‘செவ்வாய்க்கிழமை’ என்று மட்டும்தான் எழுதுவேன். இடத்தின் பெயர் எழுதவும் எங்களை விடவில்லை.”

யூஜினி கடிதங்களைத் தொடவேயில்லை. உறைகளை மாத்திரம் ஒவ்வொன்றாய்க் கட்டில் விரிப்பில் அடுக்கினாள். பூதக்கண்ணாடி கேட்டு வாங்கினாள். இவள் இப்போது என்னத்தைத் தேடுகிறாள் என்று நீக்கிலாஸ் கொட்டாவி விட்டான். அரை மணித்தியாலம் கழித்து ஏழு உறைகளைப் புறம்பாக எடுத்து வைத்தாள்.

“வை நோ ஸ்ராம்ப்?” என்று தன்னுடைய இங்கிலீசில் கேட்டாள்.

ஹார்வி எட்டிப் பார்த்தான். முத்திரை ஒட்டவேண்டிய மூலையில் அவனுடைய கையெழுத்தில் ‘பிறீ’, இலவசம், என்று எழுதியிருந்தது. “ஓ, சண்டை நடந்த இடத்தில் எங்களுக்கு முத்திரை தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்.”

“ஒக்கினாவா?”

“ஒக்கினாவாவில் காசு கொடுத்து…” அவன் நிறுத்திவிட்டான்.  ஏழு உறையிலும் வட்டமான ஆமித் தபால் சீல். அதற்குள் தபாற்கந்தோர் இலக்கம், 1967, ஜூன் முதல் செப்டெம்பர் வரை திகதிகள். மற்ற எல்லா உறையிலும் முத்திரை இருந்தது. அந்த நாலு மாதமும் அவன் சண்டைக்களத்தில் இருந்ததற்கு, இருபத்தேழு வருசமாய்ப் பெட்டிக்குள் கிடந்த சாட்சி! அவனும் பார்க்கவில்லை, அவன் வைத்த வழக்கறிஞரும் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்புப் படித்த பேசாலைப் பெட்டை பார்த்துவிட்டாள். என்ர மாதாவே என்று நீக்கிலாஸ் நெஞ்சில் கை வைத்தான். பகிடி பண்ணிய ஆள், பூதக்கண்ணாடியை வாங்கித் தானும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மூன்றாம் விண்ணப்பத்தோடு உறைகள் பதிவுத்தபாலில் போயின. குளிர் போய், மரங்கள் துளிர்க்கத் தொடங்கிய நேரத்தில் பதில் வந்தது. ஹார்விக்கு அப்போது எழும்பி இருக்கவும் ஏலாது. நீக்கிலாஸ் பக்கத்தில் நிற்க, யூஜினி கட்டிலோரம் இருந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவர் அங்கே இருந்ததை ஏற்றுக்கொள்கிறோம். இந்த நோய் அந்தச் சேவையினால் வந்ததென்று ஏற்றுக்கொள்கிறோம். ஹார்வி கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான். கொடுப்பனவு எவ்வளவு என்று அவன் கேட்கவேயில்லை. அவள் மூன்றாம் தரமும் வாசித்துவிட்டுத் தாளின் அடியிலிருந்த கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது, தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காரில் நீக்கிலாஸ் உச்சி குளிர்ந்துபோய் இருந்தான். ஊர் முழுக்கச் சொல்லவேண்டுமென்று அவனுக்கு அந்தரம். அவளோ கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

“இஞ்சருங்கோ,” என்றாள் கடைசியில். “ஒரு அரசாங்கம் தான் செய்ததைத் தானே எழுதி, கீழ பேரும் போட்டுக் குடுத்திருக்குது. உப்பிடியும் உலகத்தில நடக்குமே?”

“நடந்திட்டுதே. நீரல்லோ நடத்தி வைச்சனீர்.”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. “அப்ப அண்ணைக்கு நான் ஏன் மூண்டு கடிதத்தோட நிப்பாட்டினனான்?”

 அந்த ஞாயிற்றுக்கிழமை யூஜினி பூசைக்குப் போகவில்லை. குசினி மேசையில் இருந்து நாலாவது கடிதத்தை எழுதினாள். அவன் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தான்.